மோட்டோகிராஸ் ஹெல்மெட்டுக்கு ஏன் நீண்ட தாடை, நெற்றியில் கூரை?

மண்மேட்டில் பைக்கோடு தாவும் வீரருக்கு வேகத்தைவிட உழைப்பு அதிகம். பாதி நேரம் நின்றபடியே ஓட்டுவதால் மூச்சு வாங்கும். தாடை முன்னே நீண்டிருந்தால்தான் அந்த மூச்சின் வெப்பக்காற்று வெளியேற இடம் கிடைக்கும்.

கூரை எதற்கு? வெயிலுக்கு மட்டுமா? முன்வண்டியின் பின்சக்கரம் வாரியிறைக்கும் மண்ணுக்கும்தான். தலையைச் சற்றுக் குனிந்தால் போதும், முகம் தப்பும்.

அதே ஹெல்மெட்டோடு நெடுஞ்சாலையில் பறந்து பாருங்கள்! எதிர்காற்றில் விரித்த குடைபோல, கூரைக்கடியில் காற்று புகுந்து தலையை மேலே இழுக்கும். கழுத்துதான் பாவம்.

வடிவம் எதுவானாலும், உயிர் காப்பது ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல். மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், பழையபடி உப்பாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறலே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

புதியது வாங்கும்போது, கடையிலேயே வாரைப் பூட்டி ஹெல்மெட்டைக் கையால் ஆட்டுங்கள். கன்னத்துத் தோலும் கூடவே நகர்ந்தால் அளவு சரி.