வண்டி பேட்டரியை எப்போது மாற்றுவது?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இளைய வியாபாரி ஒருவர், "மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாற்றலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறோம். நாம் மெக்கானிக் படிப்புப் படித்தவர் அல்ல. மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்துகொண்டு, முப்பது வருடமாகச் சரக்கு வண்டி வைத்து, பேட்டரிக்குப் பணம் கட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறோம்.

2019 தீபாவளிக்கு முந்தைய வாரம். நம் குட்டியானையின் டிரைவர் பத்து நாளாகவே, "அண்ணாச்சி, காலையில செல்ஃப் இழுவையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேட்டரிக்கு அப்போது வயது நாலு முடிந்திருந்தது. தீபாவளி முடியட்டும், சரக்குக்கே பணம் போதவில்லை என்று நாம் தள்ளிப் போட்டோம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கடலை மாவு, எண்ணெய், நெய், சர்க்கரை என்று பண்டிகைச் சரக்கு முழுவதையும் இரவே ஏற்றி நிறுத்தினோம். விடிகாலை மூன்றரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான். பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளவும் ஆள் இல்லை. பக்கத்து மண்டி வண்டி வந்து, ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட மணி ஆறாகிவிட்டது. வழியில் செக்கானூரணியில் ஒரு கடைக்கு நாலு மூட்டை இறக்க வேண்டியிருந்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் எஞ்சினை அணைத்துவிட்டார். மறுபடி அதே கதை. சரக்கு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கடைக்காரர் அதற்குள் உள்ளூரிலேயே வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கி வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். அவர் நம்மிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்கு அவரிடமிருந்து சரக்குப் பட்டியல் வரவில்லை, அவ்வளவுதான். பேட்டரியில் மிச்சம் பிடிக்க நினைத்த தொகை எவ்வளவு, போன கணக்கு எவ்வளவு என்று வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சூடு கண்ட பூனை என்பார்களே, அதன் பிறகு நாம் அப்படி ஆகிவிட்டோம். வண்டி கொஞ்சம் முனகினாலும் பேட்டரியை மாற்றச் சொன்னோம். பதினாலு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மூன்றாவதும் படுத்தபோதுதான் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். டைனமோ பெல்ட் தளர்ந்து கிடக்கிறது, எர்த் ஒயரின் முனை உப்புப் பூத்து இருக்கிறது, பேட்டரிகள் மேல் பழி சுமத்திவிட்டீர்கள் என்றார். கெட்டுப்போகாத சரக்கைக் குப்பையில் கொட்டிய வேலையைத்தான் நாம் செய்திருக்கிறோம். ஆகவே காலம் கடத்துவதும் நஷ்டம், பார்க்காமல் மாற்றுவதும் நஷ்டம்.

இனி விஷயத்துக்கு வருவோம். வண்டி பேட்டரி என்பது ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் சேர்ந்தது. பிரான்சு நாட்டில் கஸ்தோன் பிளான்தே என்பவர் 1859-ல் கண்டுபிடித்த அதே அடிப்படைதான் இன்றும். ஒரு செல் ஏறக்குறைய இரண்டு வோல்ட் தரும். ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படியும். சார்ஜ் ஏறும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். சார்ஜ் இல்லாமல் பல நாள் போட்டுவிட்டால் அந்தப் படிவம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. வராக்கடன் போலத்தான். முதல் மாதத்தில் கேட்டிருந்தால் வந்திருக்கும்.

இது போக, தகட்டில் பூசிய பொருள் நாளடைவில் உதிர்ந்து அடியில் சேரும். தகட்டின் சட்டமும் அரித்துப் போகும். இதை யாராலும் தடுக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். இந்த வேகத்தைக் கூட்டுவது சூடு. பேட்டரியின் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் சொல்லும் பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் வெந்த பேட்டரி அப்போது வெளியே காட்டிக்கொள்ளாது. எஞ்சின் குளிர்ந்து இறுகிக் கிடக்கும் ஐப்பசி, மார்கழி விடியற்காலையில்தான் கைவிரிக்கும். நமக்குத் தீபாவளி, பொங்கல் வியாபாரமும் அப்போதுதான். நம் ஊர் வெயிலில் மூன்றிலிருந்து நாலு வருடம் உழைத்தால் அது நல்ல பேட்டரி. மூன்று வருடம் தாண்டியதை ஆடி மாதத்திலேயே சோதித்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

பேட்டரி சொல்லாமல் போவது மிகக் குறைவு. முதலில் செல்ஃப் இழுக்கும். காலை முதல் ஸ்டார்ட்டில் கவனித்தால் தெரியும். சாவி போடும்போது ஹெட்லைட் ரொம்பவும் மங்கும். ஹாரன் சத்தம் கம்மும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிய டிஸ்டில்டு வாட்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்கும். பெட்டியின் பக்கம் உப்பிக்கொண்டு வந்தாலோ, வெடிப்பு விட்டு ஆசிட் கசிந்தாலோ மேலே சோதனையே வேண்டாம், அன்றே கழற்றிவிட வேண்டியதுதான். மற்ற அறிகுறிகள் எல்லாம் டைனமோ கோளாறிலும் வரும், ஒயர் கோளாறிலும் வரும். அதனால் அளந்து பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

தராசு இல்லாமல் நாம் சரக்குக் கொடுப்பதில்லை. அதுபோல ஒரு மல்டிமீட்டர் வாங்கி கடையில் போட்டு வையுங்கள். சில நூறு ரூபாய்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நொடியில் ஊசியோ எண்ணோ இறங்கத்தான் செய்யும். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி 9.6-க்குக் கீழே போனால் அதற்குத் தெம்பு இல்லை என்று பொருள். வண்டி கிளம்பியபின் மூன்றாவதாக ஒருமுறை பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ சரியாகச் சார்ஜ் கொடுக்கிறது. 13-க்குக் கீழே இருந்தால் பேட்டரிக் கடைக்குப் போகாமல் எலக்ட்ரீசியனிடம் போங்கள். 15-ஐத் தாண்டினாலும் அப்படியே. அது பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்.

காலையில் 12.2 காட்டியதால் மட்டும் பேட்டரியைத் தள்ளிவிட வேண்டாம். முனைகளை வெந்நீர் விட்டுச் சுத்தம் செய்து, இறுக்கி, வெளியே கொடுத்து முழுச் சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி ஓர் இரவு சும்மா வையுங்கள். மறுநாள் 12.6 நின்றால் குறை வண்டியில் இருக்கிறது. யாரும் எடுக்காமலே 12.2-க்கு இறங்கிவிட்டால் பேட்டரி முடிந்தது. மூடி திறக்கும் வகையாக இருந்தால் ஹைட்ரோமீட்டரும் போட்டுப் பார்க்கலாம். முழுச் சார்ஜில் 1.250 முதல் 1.280 வரை காட்டும். ஆறில் ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட 50 புள்ளிக்கு மேல் குறைந்து நின்றால் அந்தச் செல் போய்விட்டது. ஐந்து செல் நன்றாக இருந்தும் பயன் இல்லை. மூடியில்லாத பேட்டரிகளில் பச்சைக் கண் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது என்பதை மறக்க வேண்டாம். மேல் மூட்டையைக் குத்திப் பார்த்து லாரிச் சரக்கு முழுவதையும் எடுத்த கதையாகிவிடும்.

நம் வண்டிகளுக்கென்று ஒரு தனிக் குறை உண்டு. டவுனுக்குள் பத்துக் கடைக்குச் சரக்குப் போட்டால் பத்துத் தடவை செல்ஃப். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே ஐந்து நிமிட ஓட்டத்தில், எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதில்லை. டிரைவர் தம்பிகள் மாட்டும் பாட்டுப் பெட்டியும் வண்ண விளக்கும் வேறு. கண்டித்தால் ஆள் நிற்பதில்லை, என்ன செய்வது! வாரம் ஒருமுறை வெளியூர் ஓட்டம் கொடுத்தால் பேட்டரிக்கு நல்லது.

வண்டிக்கு ஆகாத பேட்டரியைக் கடை இன்வெர்ட்டருக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் செய்கிறார்கள். வண்டி பேட்டரியின் தகடுகள் மெலிதானவை. சில நொடிகளில் பெரும் மின்சாரத்தைக் கொட்டுவதற்கு ஆனவை. மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்க டியூபுலர் பேட்டரி என்று தனியே இருக்கிறது. ஓய்ந்ததைக் கொண்டு போய் இன்வெர்ட்டரில் மாட்டினால் பில் போடும் நேரத்தில் கடை இருட்டாகும்.

புதிது வாங்கும்போது நாம் வியாபாரிகளாகவே நடந்துகொள்ள வேண்டும். பேட்டரியும் கிடக்கக் கிடக்கக் கெடும் சரக்கு. தயாரித்த மாதத்தைக் குறியீடாக அடித்திருப்பார்கள்; கடைக்காரரிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பல மாதம் ஸ்டாக்கில் கிடந்ததைச் சலுகை விலை என்று தள்ளினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டிக் கம்பெனி சொன்ன ஆம்பியர் அளவே இருக்கட்டும். வாரண்டியில் முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று. பிற்பகுதிக்கு விலையில் தள்ளுபடி மட்டுமே தருவார்கள். எத்தனை மாதம், எத்தனை மாதம் என்று பிரித்துக் கேளுங்கள். முறையான பில்லும் முத்திரை வைத்த கார்டும் இல்லாமல் பிறகு வாதாட முடியாது. மாட்டிய அன்றே, மூட்டைக்கு மார்க் போடுவது போல, பேட்டரி மேல் பெயிண்டால் தேதி எழுதிவிடுங்கள்.

பழையதைச் சும்மா விட்டுவிட வேண்டாம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். புதிய பேட்டரி விலையில் அதற்கு ஒரு தொகை கழித்துக்கொள்வார்கள். தெருவில் வரும் காயலான் கடைக்காரர் பத்து ரூபாய் கூடத் தரலாம். அவர் அதை உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவார். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஆகவே பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கழற்றும் பையன்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் வாயு பொறி பட்டால் வெடிக்கும்.