வாக்குறுதியும் நிலவுரிமையும்: ஒப்புரவு முரண்தடை பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலேய நிலச்சட்டம் எழுத்துக்குத் தனியிடம் அளிப்பது. 1677ஆம் ஆண்டின் மோசடிகள் சட்டம், நிலம் பற்றிய ஒப்பந்தங்களுக்கு எழுத்துச் சான்று வேண்டுமென விதித்தது. இலங்கையின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமும் அம்மரபிலே தோன்றியதேயாகும். இத்தகைய விதிகள் பொய்ச்சாட்சியைத் தடுப்பன என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் உடைமையாளனிடம் இருப்பது உறுதி. அவன் நிலத்தில் உழைப்பவனுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வாய்ச்சொல். இம்முரண்பாட்டுக்குச் சட்டம் தன்னுள்ளேயே தேடிக்கொண்ட தீர்வுகளுள் ஒன்றே ஒப்புரவு முரண்தடை.

நிலவுரிமையாளன் ஒருவன் தன் நிலத்தில் இன்னொருவனுக்கு உரிமை உண்டு, அல்லது வரும், என உறுதியளிக்கிறான். மற்றவன் அதனை நியாயமாக நம்பி நடந்து பாதிப்புறுகிறான். இந்நிலையிற் சொல்லை மீறுவது மனச்சாட்சிக்கு மாறாகுமாயின், நீதிமன்றம் அதனைத் தடுக்கும். பாதிப்பெனப்படுவது பணச்செலவு மாத்திரமன்று. கைவிட்ட பிற வாய்ப்புகளும் அதனுள் அடங்கும்.

இக்கோட்பாட்டின் வர்க்கச் சார்பை அறிய இரு வழக்குகளை ஒப்புநோக்குதல் தகும். 1862இல், தந்தை கையொப்பமிட்டளித்த ஒரு குறிப்பை நம்பி, அவர் நிலத்தில் 14,000 பவுண் செலவில் மாளிகை கட்டிய நிலவுடைமைக் குடும்பத்து மகனுக்கு நீதிமன்றம் முழுவுரிமையையே வழங்கியது. நான்கே ஆண்டுகளின் பின், 1866இல், நெசவாலை நகரமான ஹடர்ஸ்ஃபீல்டின் குடியிருப்பாளர் பிரபுக்கள் சபையிலே தோற்றனர். றாம்ஸ்டன் குடும்பத்தின் நிலத்தில், முகவரின் வாய்ச்சொல்லை நம்பி வீடு கட்டியோர் அவர்கள். முன்னைய வழக்கில் எழுத்துக் குறிப்பொன்று இருந்தமை உண்மையே. எனினும் அத்தகைய எழுத்து யாருக்கு எளிதிற் கிட்டியது என்பதே எமது வினா. கிங்ஸ்டவுன் பிரபு மட்டும் அன்று மாறுபட்டார். அவருடைய கருத்தே பிற்காலக் கோட்பாட்டுக்கு அடித்தளமாயிற்று.

2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அவ்வளர்ச்சியைக் காட்டுகிறது. சோமசெற்றில் உறவினர் ஒருவரின் பண்ணையிலே ஏறத்தாழ 30 ஆண்டுகள் கூலியின்றி உழைத்தவருக்கு, ‘பண்ணை உனக்கே’ என்று எவரும் வெளிப்படக் கூறவில்லை. 1990இல் உரிமையாளர் ஓர் ஆயுட்காப்புறுதி அறிவித்தலைக் கையளித்து, அது தம் மரணவரிக்கானது என்றார். 2005இல் அவர் இறந்தபோது மரணசாசனம் இருக்கவில்லை. இத்தகைய குறிப்புரைகளும், பேச்சுச் சிக்கனம் மிக்க அக்கமக்காரரின் சூழலில், போதிய உறுதிமொழியே எனப் பிரபுக்கள் சபை ஏற்றது.

பரிகாரம் எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பெற்றோரின் பண்ணையில் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்த ஊதியத்துக்கு உழைத்த மகனின் வழக்கில், 2022இல் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் மூவருக்கு இருவராகப் பிரிந்தது. வாக்குறுதியை நிறைவேற்றுவதே தொடக்கப்புள்ளி என்றனர் பெரும்பான்மையினர். நம்பியதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்தலே நோக்கம் என்றனர் ஏனையோர்.

இவ்விவாதத்தில் இரு சாராரும் தொடாத எல்லையொன்றுண்டு. ஒரே பண்ணையில் இருவர் 30 ஆண்டுகள் உழைத்தாலும், வாக்குறுதி பெற்றவனுக்கே இக்கோட்பாடு துணைநிற்கும். மற்றவனின் உழைப்பு எத்துணைப் பெரிதாயினும் அதனால் மட்டும் அவனுக்கு நிலத்தில் உரிமை பிறவாது. உடைமையாளனின் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவது முன்னேற்றமே. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின், உழைப்பையே உரிமையின் ஊற்றாகக் கொள்ளும் சட்டமாக அதனை மயங்குதலும் தவறாகும்.