குரோட்டன்ஸ்: நோயாளி உள்ள வீட்டில் வளர்க்கும் முறை

பல வாரங்கள் படுக்கையில் இருந்து வீடு திரும்புவோர், கண்ணெதிரே ஒரு செடியேனும் இருக்க வேண்டுமென விரும்புவது இயல்பு. அவர்களுக்காகக் குடும்பத்தார் பெரும்பாலும் வாங்குவது குரோட்டன்ஸ். மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பல நிறங்களை ஒரே இலையில் தாங்கும் இச்செடி, இந்தோனேசியா, மலேசியா முதலிய வெப்பமண்டல நாடுகளுக்கு உரியது. இராமநாதபுரம் கடற்கரையின் வெப்பம் அதற்கு ஏற்றதே. எனினும், வாங்குமுன் அறிய வேண்டியவை சில உள்ளன.

சாறு குறித்து எச்சரிக்கை

குரோட்டன்ஸ் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடும் பேதியை உண்டாக்கும் நேர்வாளமும் அக்குடும்பத்ததே. ஆனால் அது வேறு செடி. குரோட்டன்ஸ் அத்துணைக் கொடியதன்று. ஆயினும் அதன் சாறு தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தோன்றும். இலையை மென்றால் வாய் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். தவழும் குழந்தைக்கும் மறதிநோய் உள்ள முதியவருக்கும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள். கண்ணில் சாறு பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். இலையைத் தின்றுவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையொன்றை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

யாருடைய அறையில் வைக்கலாகாது?

தொட்டி மண்ணில் பூஞ்சைகள் வாழ்கின்றன. நலமாக உள்ளோருக்கு அவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை. புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்தோருக்கும், உறுப்புமாற்று சிகிச்சை பெற்றோருக்கும் அவை நுரையீரல் தொற்றை உண்டாக்கக்கூடும். அவர்கள் உறங்கும் அறையில் செடி வேண்டா. சன்னலுக்கு வெளியே, பார்வை படும் இடத்தில் இருக்கட்டும். மண்ணைக் கிளறும் வேலையை உடனிருப்போரே செய்து, பின் சோப்பினால் கை கழுவ வேண்டும். நீரிழிவு உள்ளோர் கையுறையின்றி மண்ணைத் தொடலாகாது. சிறு கீறலும் ஆறாப் புண்ணாகலாம்.

வெளிச்சமும் நீரும்

நல்ல வெளிச்சமே இலைக்கு நிறம் தருகிறது. இருண்ட மூலையில் வைத்தால் வெறும் பச்சையாகிவிடும். காலை வெயில் படும் கிழக்குச் சன்னல் சிறந்தது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின் நீர் ஊற்றுங்கள்.

இராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அதனையே தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும்; தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரை மூடிய பாத்திரத்தில் சேமித்துப் பயன்படுத்தலாம். கடற்காற்று கொணரும் உப்பையும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இலையின் அடியில் ஒட்டும் நுண்ணிய சிலந்திப்பூச்சிகளும் இதனால் குறையும்.

இடம் மாறியதும் குரோட்டன்ஸ் இலைகளை உதிர்க்கும். செடி பட்டுவிட்டதென எறிந்துவிடாதீர்கள். தண்டைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும்.

தட்டில் நீர் தேங்கலாகாது

தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நன்னீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே நீரை நாள்தோறும் கொட்டி, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

உங்கள் நோயாளியின் அறையில் செடி வைக்கலாமா என்னும் ஐயம் இருப்பின், வீடு திரும்பும் நாளிலேயே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். விளக்கிச் சொல்லக் காத்திருக்கிறோம்.