‘ஷல்அனான்’: யோபு 21:23இல் ஓர் அரிய சொல்

எபிரேயத் திருமறையில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்கள் பல உண்டு. அவற்றுள் கணிசமானவை யோபு நூலில் காணப்படுகின்றன. 21:23இல் வரும் ‘ஷல்அனான்’ அத்தகையது. முழு வலிமையோடு இறக்கும் ஒருவனது கவலையற்ற நிலையை அது குறிக்கிறது. அதையடுத்து, ஏறக்குறைய அதே பொருளுடைய ‘ஷாலேவ்’ என்னும் சொல் நிற்கிறது. 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் இவ்விரண்டையும் ‘நிர்வாகம்’, ‘சுகம்’ என்று பெயர்த்தது. வாழ்வைக் குறைவின்றி நடத்திச் செல்லும் நிலை என்ற பழைய பொருளில் ‘நிர்வாகம்’ அங்கு ஆளப்பட்டது. இன்றைய வாசகருக்கோ அச்சொல் அலுவலகத்தையே நினைவூட்டும். ஆகவே மூலச்சொல்லை ஆராய்வது ஆயர்களுக்குப் பயன் தரும்.

இச்சொல்லின் அமைப்பைப்பற்றி இரு கருத்துகள் உள்ளன. ‘சுகமாயிருப்பவன்’ எனப் பொருள்படும் ‘ஷஅனான்’ என்னும் சொல்லை எழுத வந்த படியெடுப்போரின் கை, அடுத்து வரும் ‘ஷாலேவ்’ என்பதிலுள்ள ‘லாமெத்’ எழுத்தை முன்னதாகவே சேர்த்துவிட்டது என்பர் ஒரு சாரார். மூன்றெழுத்து வேரினுள் ஓர் எழுத்து நுழைந்து சொல் விரிவடைவது எபிரேயத்தில் உண்டு என்பர் மறுசாரார். கோலைக் குறிக்கும் ‘ஷேவெத்’ எஸ்தர் நூலில் ‘ஷர்வீத்’ என வருவதை இவர்கள் எடுத்துக்காட்டுவர். எக்கருத்தை ஏற்பினும், ‘ஷஅனான்’ என்பதன் பொருளே இங்கும் அடிப்படை என்பதில் ஐயமில்லை.

இவ்விரு சொற்களும் யோபு நூலினுள் நடந்துவரும் பாதையைக் கவனிப்போம். 3:26இல் தனக்கு இளைப்பாறுதல் இல்லை என்று யோபு புலம்பும்போது, ‘ஷாலேவ்’ என்பதன் வேர்ச்சொல் முதன்முதல் ஒலிக்கிறது. 12:5இல், துன்பத்தில் விழுந்தவனை இகழ்பவன் ‘ஷஅனான்’, அதாவது சுகமாயிருப்பவன். அடுத்த வசனத்திலேயே கொள்ளைக்காரரின் கூடாரங்கள் அமைதியாயிருக்கின்றன; அங்கும் அதே வேர்தான். 16:12இல், சுகமாயிருந்த தன்னைக் கடவுள் நொறுக்கினார் என்கிறார் யோபு. இவ்விரு சொற்களும் 21:23இல் ஒருங்கே வந்து சேர்கின்றன.

அங்கு யோபு சொல்வது என்ன? ஒருவன் நிறைவோடு இறக்கிறான். இன்னொருவன் மனக்கசப்போடு, நன்மையொன்றையும் சுவைக்காமல் இறக்கிறான். இருவரும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள். இவர்களில் எவன் நீதிமான், எவன் துன்மார்க்கன் என்று அவர் கூறவில்லை. அந்த மௌனமே அவருடைய வாதம். சுகத்தைக் கண்டு நீதியையும், துன்பத்தைக் கண்டு பாவத்தையும் கணிக்கும் நண்பர்களின் இறையியல் இங்கு முறிகிறது.

மதுரைச் சீமையில் இது ஏட்டளவிலான பொருளன்று. பேரன் பேத்திகளைக் கண்டு மறைந்த முதியவரின் அடக்கத்தைக் ‘கலியாணச் சாவு’ என்கிறோம். இளம் வயதில் நேரும் சாவையோ ‘துர்மரணம்’ என்று ஊர் முணுமுணுக்கிறது. முந்தியதில் கடவுளின் சான்றிதழையும், பிந்தியதில் அவருடைய தண்டனையையும் வாசிக்கும் ஆயர், தம்மை அறியாமலே எலிப்பாசின் பக்கம் அமர்ந்துவிடுகிறார். அடக்க ஆராதனையில் யோபு 21 நமக்கு ஒரு கடிவாளம்.

எனினும் சுகம் தன்னிலே தீயதென்று திருமறை கூறுவதில்லை. ஆமோஸ் 6:1இல் ‘ஷஅனான்’ ஆனவர்களுக்கு ‘ஐயோ’ உரைக்கப்படுகிறது. ஏசாயா 32:9, 11 வசனங்களில் அச்சொல் கண்டனமாகவே வருகிறது. ஆனால் அதே அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில் அது வாக்குறுதியாக மாறுகிறது. 33:20இல் எருசலேமுக்கே அடைமொழியாகிறது. பழைய திருப்புதல் ‘நிர்விசாரம்’, ‘சுகஜீவி’, ‘அமரிக்கை’ என வெவ்வேறு சொற்களை இடத்திற்கேற்ப ஆள்வதால், தமிழில் மட்டும் படிப்போருக்கு இவை ஒரே சொல் என்பது புலப்படாது.

கண்டனத்தை வாக்குறுதியாக மாற்றுவது எது? ஏசாயா 32:16, 17இல் விடை உண்டு: நியாயமும் நீதியும் குடியேறிய பின்னரே அந்த அமைதி வருகிறது. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், வைகை வழியே நம் வயல்களுக்கு வருகிறது. தலைமடைக்காரர் நிம்மதியாகத் தூங்கும் இரவில், மேலூர்ப் பக்கத்துக் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்து விழித்திருக்கக்கூடும். முன்னவருடைய தூக்கம் ஆமோஸ் கண்டித்த சுகம். கடைமடைக்கும் நீர் சென்றபின் இருவரும் உறங்குவது ஏசாயா கண்ட சுகம். சொல் ஒன்றே, அது நிற்கும் நிலம் வேறு.

ஆதலால் இச்சொல்லைப் பிரசங்கிக்க முனைவோர் இரண்டு கேள்விகளைக் கேட்டல் தகும். துன்புறுவோரைப்பற்றி நான் பேசுவது 12:5இன் சுகவாசியின் இருக்கையிலிருந்தா? என் சபையின் அமைதி யாருடைய விழிப்பின்மேல் கட்டப்பட்டிருக்கிறது?