மிடிக் கோப்பும் அதன் மௌனமும்

ஸங்கீதம் அமைக்குந் தொழில் இக்காலத்தில் உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசிக்குட் புகுந்துவிட்டது. மாணாக்கர் பலர் பாடற்குழுவுக்கு வேண்டிய பக்கவாத்தியங்களைச் செயலியிலேயே அமைத்து, மிடிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, கணினியில் திறக்கின்றனர். திறந்தவுடன், வாத்தியமெல்லாம் பியானோவாயின என்பார் ஒருவர். குரல் காணாமற் போயிற்று என்பார் மற்றொருவர். கைப்பேசி பழுதாயினும், செயலியே வழக்கொழிந்தாயினும், பல மாதம் உழைத்துக் கோத்த ஸ்வரங்கள் பிழைத்திருப்பதற்கு இக்கோப்பே பெருந்துணை. ஆதலின் அக்குறைகளின் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மிடி என்பது வெவ்வேறு கம்பெனியாரின் மின்வாத்தியங்கள் தம்முள் பேசுதற்பொருட்டு, அமெரிக்கராகிய டேவ் ஸ்மித், ஜப்பானியராகிய இகுடாரோ ககேஹாஷி முதலியோர் முயற்சியால் 1983-இல் வெளிவந்த ஏற்பாடு. அதன் கோப்பில் ஒலி சிறிதும் இல்லை. இன்ன ஸ்வரம், இத்துணை வலிமையுடன், இன்ன கணத்தில் தொடங்கி இன்ன கணத்தில் நின்றது என்னும் குறிப்புகளே உள்ளன. ஸ்வரம் எழுதிய ஏட்டைக் காதில் வைத்தாற் பாட்டுக் கேளாதன்றோ? எனவே மைக்கிற் பதிந்த குரலும், ஆயத்தமாக வாங்கிச் சேர்த்த ஒலித்துண்டுகளும் அதில் ஏறா. அவற்றை வேவ் கோப்பாகத் தனியே எடுத்தல் வேண்டும்.

கோப்பு ஊமையாயிருப்பின் முதலில் அதன் பருமனைக் காண்க. ஸ்வரமே இல்லாத ஒற்றை டிராக் கோப்பு 26 பைட் அளவினது. பருமன் அதனையொட்டி இருப்பின் ஏற்றுமதியிலேயே ஸ்வரம் ஏறவில்லை என்பது தெளிவு. பருமன் மிக்கிருந்தும் ஒலி எழாவிடின், பெறும் டிராக்கில் வாத்தியம் அமர்த்தப்படவில்லை என்க.

வேகம் மாறுவதும் உண்டு. கோப்பில் டெம்போ எழுதப்படாவிடின், பெறுங்கருவி நிமிஷத்திற்கு 120 அடி என்று கொள்ளும். 80 அடி வேகத்தில் மூன்று நிமிஷம் செல்லும் பாட்டு இரண்டு நிமிஷத்தில் ஓடி முடியும். தாளவாத்தியம் பியானோவாக ஒலிப்பின் அதனைப் பத்தாம் சேனலுக்கு மாற்றுக. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வகுப்பு அச்சேனலையே தாளத்திற்கு ஒதுக்கியது.

நம் நாட்டு ஸங்கீதத்தாரை மிகவும் வருத்துவது கமகம் கெடுதலே. ஒரு ஸ்வரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்குவதைப் பிட்ச் பெண்ட் என்னும் குறிப்புச் சுமந்து செல்கின்றது. ஆயின் அக்குறிப்பு இத்தனை ஸ்வரஸ்தானம் என்று கூறாது. முழு வரம்பில் இத்தனை பங்கு என்றே கூறும். செயலியில் வரம்பு 12 எனக் கொள்வோம். ஸட்ஜத்தினின்று சுத்த மத்தியமத்திற்கு ஏறுவது ஐந்து ஸ்தானம்; அஃதாவது பன்னிரண்டில் ஐந்து பங்கு. பெறுங்கருவிகள் பலவற்றின் வழக்கமான வரம்பு 2. அங்கே அதே பங்கு 0.83 ஸ்தானமாகச் சுருங்கிவிடும். மத்தியமம் இருக்கட்டும், சுத்த ரிஷபத்தையும் அது எட்டாது! கமகத்தைப் புதிதாக வாசிக்க முற்படாமல், பெறும் வாத்தியத்தின் பெண்ட் வரம்பை 12 ஆக்குக. வழுக்கல் தன் முழு நீளத்தையும் பெறும்.

டிராக்குகள் யாவும் ஒன்றாய்க் கலந்து வந்தால், செயலி அவற்றை ஒற்றை டிராக் வகையான பூஜ்ய வகையில் எழுதியுள்ளது. சேனல் வெவ்வேறாயின் கணினியிற் பிரித்துக்கொள்ளலாம். யாவும் ஒரே சேனலாயின், செயலிக்கே திரும்பி ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே ஏற்றுமதி செய்வதே வழி.