உங்களுக்குத் தெரியுமா? வாஷிங்டனின் கறுப்பினப் பேட்டைகள்

வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகைதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பிய தெருக்கள் இருக்கின்றன. அவை இன்று வேகமாகக் கைமாறுகின்றன. எப்படி?

● பத்தில் ஏழு பேர்
1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாஷிங்டன்வாசிகளில் 71 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். ‘சாக்லேட் சிட்டி’ என்று அவர்கள் பெருமையோடு அழைத்த நகரம் இது. அதே பெயரில் பார்லிமென்ட் இசைக்குழு 1975-இல் ஓர் ஆல்பமே வெளியிட்டது. 2011 வாக்கில் அவர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. 2020 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 41 சதவீதம்.

● விளக்கு வெளிச்சத்தில் எழுந்த வீடுகள்
உள்நாட்டுப் போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1867-இல் அரசு 375 ஏக்கர் நிலம் வாங்கியது. அதை ஒரு ஏக்கர் மனைகளாகப் பிரித்து அவர்களுக்கே விற்றது. பகலெல்லாம் நகரில் கூலிவேலை, இரவில் விளக்கொளியில் சொந்த வீட்டு வேலை. இப்படி எழுந்த ஊர்தான் பேரி ஃபார்ம். 1940-களில் அங்கே அரசுக் குடியிருப்பு வந்தது. மறுகட்டுமானத்துக்காக 2019-இல் அதையும் இடித்தார்கள். எஞ்சிய ஐந்து கட்டடங்கள் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாயின.

● தமக்கென ஒரு பிராட்வே
அந்நாளில் வெள்ளையர் ஓட்டல்களில் கறுப்பினத்தவருக்கு அறை கிடைக்காது. அதனால் யு ஸ்ட்ரீட் வட்டாரத்தில் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1919-இல் வொயிட்லா ஓட்டல், 1934-இல் இண்டஸ்ட்ரியல் வங்கி. ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வளர்ந்தது இந்தத் தெருக்களில்தான். ‘கறுப்பர் பிராட்வே’ என்று இந்த வட்டாரத்துக்குப் பெயரே உண்டு.

● பத்திரத்தில் எழுதிய தடை
‘கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது’ என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் இருந்தது. புளூமிங்டேல் பகுதியில் அதை மீறி வீடு வாங்கிய ஹர்ட் தம்பதியை வெளியேற்ற அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட தடையை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று அங்கே பத்திரம் தடுத்தது. இன்று விலை தடுக்கிறது.

● ஒரு பகுதியே தரைமட்டம்
1950-களில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்று சொல்லி, தென்மேற்கு வாஷிங்டனை ஏறக்குறைய முழுதாக இடித்தார்கள். சுமார் 23,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தன் கடை நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று வாதாடிய கடைக்காரர் தரப்பும் 1954-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. நாடெங்கும் இப்படி இடிப்பதற்கு அந்தத் தீர்ப்பு வழிதிறந்துவிட்டது.

● நெடுஞ்சாலையை நிறுத்திய மக்கள்
1960-களில் புரூக்லாண்ட் போன்ற பகுதிகளின் நடுவே நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தது. கறுப்பினக் குடும்பங்களும் வெள்ளையர்களும் சேர்ந்து போராடி அதைத் தடுத்தார்கள். சாலைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி மெட்ரோ ரயிலுக்குப் போனது. 1991-இல் யு ஸ்ட்ரீட்டுக்கும் நிலையம் வந்தது. ரயில் வந்ததும் மனை விலையும் வாடகையும் ஏறின. போராடியவர்கள் சம்பாதித்துக் கொடுத்த வசதி, அவர்களைப் போன்ற மக்களையே நெருக்கத் தொடங்கியது.

● தாக்குப்பிடித்த உணவகம்
மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968 ஏப்ரலில் யு ஸ்ட்ரீட் பற்றியெரிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1958-இல் தொடங்கிய ‘பென்ஸ் சில்லி பவுல்’ உணவகம் போன்ற சிலவே இரண்டையும் தாண்டி நின்றன. இந்த உணவகத்தை மனைவி வர்ஜீனியாவுடன் தொடங்கிய பென் அலி, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த டிரினிடாட்காரர்.

● 20,000 பேர்
தேசிய சமூக மறுமுதலீட்டுக் கூட்டமைப்பு 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2000-க்கும் 2013-க்கும் இடையே வாஷிங்டனில் சுமார் 20,000 கறுப்பின மக்கள் தங்கள் பேட்டைகளிலிருந்து வெளியேற நேர்ந்தது என்கிறது அது. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பக்கத்து வீடு பெரிய விலைக்குப் போனால் நம் வீட்டின் மதிப்பீடும் ஏறும், வரியும் ஏறும். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த அவகாசமும் இல்லை. பலர் மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்துக்குக் குடிபோனார்கள்.

● வீடு போனது, கோயில் போகவில்லை
பணக்காரர்களின் ஜார்ஜ்டவுனில் ஒரு காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் நிறைய இருந்தன. 1816-இல் அவர்கள் தொடங்கிய மவுண்ட் சீயோன் தேவாலயம் இன்றும் அங்கேயே இருக்கிறது. சபையாரில் பெரும்பாலோர் இப்போது வெளியூர்களிலிருந்துதான் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள்.

● பாட்டை நிறுத்தாதே!
ஷா பகுதியில் ஒரு செல்போன் கடை, 1995 முதல் வாசலில் ‘கோ-கோ’ இசையை ஒலிக்கவிட்டு வந்தது. சக் பிரௌன் வளர்த்தெடுத்த, வாஷிங்டன் மண்ணின் இசை அது. 2019-இல் புதிய சொகுசுக் குடியிருப்பிலிருந்து எழுந்த புகாரால் பாட்டு நின்றது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கியதும் திரும்பவும் ஒலித்தது. 2020-இல் கோ-கோவை நகரத்தின் அதிகாரபூர்வ இசையாகச் சட்டமே அறிவித்தது.

● குடியிருப்போருக்கே முதல் உரிமை
வாடகைக் கட்டடத்தை உரிமையாளர் விற்பதானால், அதை வாங்கும் வாய்ப்பை முதலில் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தரவேண்டும் என்கிறது வாஷிங்டனின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, கடன் வாங்கிக் கூட்டுறவு வீடாக்கலாம். 2018-இல் தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் விலக்கு தந்து இதைக் குறுக்கினார்கள். ஆனாலும் இந்தச் சட்டம் பல குடும்பங்களைத் தங்கள் தெருவிலேயே இருத்தியிருக்கிறது. வொயிட்லா ஓட்டலும் 1990-களின் தொடக்கத்தில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீடுகளாகப் புதுப்பிக்கப்பட்டது. ஆக, வழி இல்லாமல் இல்லை. கெட்ட காலத்தில் தெருவைக் காத்தவர்களுக்கு நல்ல காலத்திலும் அங்கே வாழ உரிமை உண்டு. அதைச் சட்டமாக எழுதித் தருவது நகரத்தின் கடமை.