உயர் இயங்கு வீச்சு ஒளிப்படம்

உயர் இயங்கு வீச்சு ஒளிப்படம் அல்லது எச்டிஆர் ஒளிப்படம் என்பது, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் பல முறை எடுத்து, அப்படங்களைப் படத்தொகுப்பு மென்பொருளின் உதவியால் ஒன்றாக இணைத்து உருவாக்கப்படும் ஒளிப்படமாகும். கடும் வெளிச்சமும் ஆழ்ந்த நிழலும் அருகருகே இருக்கும் காட்சியை ஒரே படமாக எடுத்தால் ஒரு பகுதி வெளுத்துப் போகும் அல்லது மறு பகுதி கறுத்துப் போகும். இரண்டிலும் உள்ள நுணுக்கங்களைக் காப்பாற்றுவதே இம்முறையின் நோக்கம்.

கண்ணும் கருவியும்

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், சோழபுரம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்கிறது. மாலையில் கதிரவன் அம்மலைக்குப் பின்னால் இறங்கும்போது சோழபுரத்து வயல்வெளியில் நின்று மேற்கு நோக்கிப் படம் எடுப்பவருக்கு இச்சிக்கல் உடனே புரியும். வானத்தின் நிறம் சரியாக வந்தால் வயலும் பனையும் மலையும் ஒரே கறுப்பாகிவிடும். வயலின் பச்சை சரியாக வந்தால் வானம் வெள்ளைத்தாள் போல் ஆகிவிடும். திருவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தை மாலை வேளையில் கிழக்குப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் இதே கதைதான். கோபுரத்தின் வடிவம் நிழலுருவாகக் கிடைக்கும். சுதைச் சிற்பங்கள் கிடைக்கமாட்டா.

அங்கே நிற்பவரின் கண்ணுக்கு மட்டும் இரண்டும் தெரிகின்றன. வானத்தைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. நிழலைப் பார்க்கும்போது விரிகிறது. விழித்திரையும் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இப்படித் துண்டு துண்டாகப் பார்த்தவற்றை மூளை ஒரே காட்சியாக உணர்கிறது. கேமராவோ ஒரு சொடுக்கில் காட்சி முழுவதற்கும் ஒரே அளவைத்தான் பயன்படுத்த முடியும்.

இந்த வேறுபாட்டை ஸ்டாப் என்னும் அலகால் அளப்பர். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கோயில் மண்டபத்தின் உட்புறத்தில் அது 20 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 5,000 மடங்கு, அதாவது 12 ஸ்டாப்புக்குச் சற்று மேல். வெயிலில் இருப்பது சுண்ணாம்பு அடித்த சுவராகவும் நிழலில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கல் தூணாகவும் இருந்தால் மேலும் நான்கு ஸ்டாப் கூடி 16ஐத் தாண்டும். இன்றைய நல்ல கேமராக்களின் ரா கோப்பு 12 முதல் 14 ஸ்டாப் வரை பதிவு செய்கிறது. சாதாரணக் கணினித் திரை காட்டுவது சுமார் 10 ஸ்டாப். அச்சிட்ட தாள் அதனினும் குறைவு.

ஆகவே இங்கு இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முழு வீச்சையும் பதிவு செய்வது ஒன்று. பதிவானதைச் சிறிய வீச்சுடைய திரைக்குள் அடக்கிக் காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எச்டிஆர் என்றாலே பளபளக்கும் செயற்கை நிறப் படம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

வரலாறு

இச்சிக்கல் ஒளிப்படக்கலை அளவுக்குப் பழையது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் பயன்படுத்தி இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

தமிழகத்திலும் ஏறத்தாழ அதே காலத்து எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். மதுரைப் புதுமண்டபத்தின் உட்புறமும் அவற்றுள் அடங்கும். அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்ததால், கட்டடம் சரியாக வரும்போது வானம் வெறுமையாகிவிடும். டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களை வண்ணம் கொண்டு கையாலேயே தீட்டிச் சேர்த்தார். லெ கிரே செய்தது வேறு, டிரைப் செய்தது வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னதில் வானமும் கேமரா பதிவு செய்ததே. பின்னதில் வானம் ஓவியம். இன்றைய மென்பொருள்களிலும் இவ்விரு வழிகளும் திறந்தே இருக்கின்றன.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சார்லஸ் வைக்காஃப், வெவ்வேறு ஒளியுணர்வுடைய மூன்று அடுக்குகள் கொண்ட படச்சுருளை உருவாக்கினார். அணுகுண்டு வெடிப்புகளைப் படமெடுக்க அது பயன்பட்டது. பல எண்மப் படங்களைக் கணக்கிட்டு இணைக்கும் முறையை 1995இல் ஸ்டீவ் மேனும் ரோசலிண்ட் பிக்கார்டும் விளக்கினர். 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடிப்படையாயிற்று. மாலிக் கான்பூர் ஐஐடியில் பயின்றவர். 2005இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்2 பதிப்பில் இவ்வசதி சேர்க்கப்பட்ட பிறகு பொதுப் பயனர்களிடம் பரவியது.

படங்களை எடுத்தல்

மென்பொருளின் வேலை பின்னால் வருவது. பதிவாகாத நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் மீட்டெடுக்க முடியாது; ஊகித்து இட்டு நிரப்பத்தான் முடியும். எனவே படம் எடுக்கும்போதே கவனம் வேண்டும்.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, எல்லா அமைப்புகளையும் கையால் நிர்ணயிக்கும் முறைக்கு மாற்ற வேண்டும். மேலே சொன்ன மாலைக் கோபுரக் காட்சிக்கு ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8 என வைத்து, ஷட்டர் வேகத்தை 1/500, 1/125, 1/30 நொடி என மாற்றி மூன்று படங்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டாப் வேறுபாடு. முதல் படத்தில் வானமும், கடைசிப் படத்தில் கோபுரத்தின் நிழற்பகுதியும் தெளிவாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் மேலும் ஒன்றிரண்டு படங்கள் எடுக்க வேண்டியதுதான். பல கேமராக்களில் பிராக்கெட்டிங் என்ற வசதி இதைத் தானாகவே செய்யும்.

மாற்ற வேண்டியது ஷட்டர் வேகத்தை மட்டுமே. துளையின் அளவை மாற்றினால் குவிய ஆழம் மாறிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் நிழலில் புள்ளிகள் மிகும். வெண்சமநிலையையும் குவியத்தையும் தானியங்கியில் விடக் கூடாது.

அசையும் காட்சிகளுக்கு இம்முறை ஏற்றதன்று. ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் மூன்று படங்களிலும் மூன்று இடங்களில் இருப்பார்கள். இணைத்தால் பேயுருப்போல் தெரிவார்கள். அத்தகைய நேரத்தில் ஒரே ரா கோப்பை எடுத்து நிழலைச் சற்று உயர்த்துவதே மேல்.

கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் முக்காலி பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். மாணவர்கள் கோபுரத்தைத் தெருவில் நின்று எடுத்துப் பழகுவது நல்லது.

இணைத்தலும் சுருக்குதலும்

எச்டிஆர் மென்பொருள் முதலில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. பின்னர் ஒவ்வொரு பிக்சலுக்கும் எந்தப் படத்தின் மதிப்பு நம்பத்தக்கது என்று பார்க்கிறது. முற்றிலும் வெளுத்த மதிப்பையும் முற்றிலும் கறுத்த மதிப்பையும் அது ஒதுக்கிவிடும். நம்பத்தக்க மதிப்பை அப்படத்தின் ஒளியேற்பு நேரத்தால் வகுத்தால் அவ்விடத்தில் இருந்த ஒளியின் ஒப்பளவு கிடைக்கும். சான்றாக, ரா கோப்பில் 1/125 நொடியில் 1,000 என்று பதிவான இடம் 1/30 நொடியில் ஏறத்தாழ 4,000 என்று பதிவாகும். வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஒளியையே குறிக்கும். இக்கணக்கின் விளைவு 32 பிட் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு என்பதோடு ஒப்பிட்டால் இதன் விரிவு விளங்கும்.

அக்கோப்பைச் சாதாரணத் திரையில் அப்படியே பார்க்க முடியாது. டோன் மேப்பிங் எனப்படும் தொனிச் சுருக்கம் இங்குதான் வருகிறது. ஃபோட்டோஷாப்பில் மெர்ஜ் டு எச்டிஆர் ப்ரோ என்ற கட்டளை இரண்டு வேலைகளையும் செய்கிறது. கட்டணமில்லாத லூமினன்ஸ் எச்டிஆர் மென்பொருளில் ரைன்ஹார்ட், டிராகோ, ஃபத்தால், மான்டியுக் முதலிய ஆய்வாளர்களின் பெயரால் பல சுருக்க முறைகள் உள்ளன. ரைன்ஹார்ட் முறை இயல்பான தோற்றத்தைத் தரும். ஃபத்தால் முறை நுணுக்கங்களைத் தூக்கிக் காட்டும். அளவு மீறினால் கண்ணை உறுத்தும்.

கற்கத் தொடங்குபவர் கிம்ப் மென்பொருளில் கையால் செய்து பார்ப்பது சிறந்தது. பொத்தானை அழுத்தினால் முடிவு வரும். என்ன நடந்தது என்பது விளங்காது. கையால் செய்யும்போது கணக்கு ஏதும் இல்லை. படங்களின் நல்ல பகுதிகள் மட்டும் கலக்கின்றன. 1/30 நொடிப் படத்தைக் கீழடுக்காகவும் 1/500 நொடிப் படத்தை மேலடுக்காகவும் திறக்க வேண்டும். மேலடுக்குக்கு ஒரு லேயர் மாஸ்க் சேர்த்து, அதில் அவ்வடுக்கின் சாம்பல்நிற நகலை இடும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் மேலடுக்கும் கறுப்பாக உள்ள இடத்தில் கீழடுக்கும் தெரியும். வானம் வெளிச்சமானது என்பதால் மேலடுக்கின் வானமும், கோபுரம் இருண்டது என்பதால் கீழடுக்கின் கோபுரமும் தாமாகவே தேர்வாகின்றன. இறுதியில் மாஸ்க்கைக் காசியன் பிளர் கொண்டு சற்றே மங்கலாக்கினால் இணைப்பு தெரியாது. அளவுக்கு மீறி மங்கலாக்கினால் கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். எச்டிஆர் படங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே.

கைப்பேசிகள் பலவும் இன்று இவ்வேலையைப் பயனர் அறியாமலே செய்கின்றன. கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் விளக்கிய முறை சற்று வேறானது. குறைந்த ஒளியேற்புடைய படங்கள் பலவற்றை ஒரே அளவில் விரைவாக எடுத்து, அவற்றைச் சராசரி செய்து நிழலிலுள்ள புள்ளிகளைக் குறைத்து, பிறகு நிழலை உயர்த்துகிறார்கள். கை நடுங்கினாலும் பாதிப்பு குறைவு.

ஆவணப்படுத்தலில் பயன்பாடு

கல்வெட்டு, சிற்பம், சுவரோவியம் போன்றவற்றைப் பதிவு செய்வோருக்கு எச்டிஆர் மிகவும் உதவும். ஆனால் தொனிச் சுருக்கத்தின்போது சிறு மேடுபள்ளங்களின் வேறுபாடு கூட்டப்படுவதால், மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்த தூண் நேற்றுச் செதுக்கியதுபோல் கூர்மையாகத் தோன்றக்கூடும். அப்படத்தைக் கொண்டு பின்னாளில் ஒருவர் சிதைவை மதிப்பிட்டால் கணிப்பு தவறும். ஆகவே ஆவணத்துக்கான படங்களில் சுருக்கத்தை மிதமாக வைக்க வேண்டும். காட்சியின் ஓர் ஓரத்தில் சாம்பல்நிற அட்டை ஒன்றை வைத்து எடுத்தால் நிறத்தைப் பின்னர்ச் சரிபார்க்கலாம். இணைத்த படத்தோடு மூல ரா கோப்புகள் அனைத்தையும் அழிக்காமல் சேமித்து, நாள், நேரம், ஒவ்வொரு படத்தின் ஷட்டர் வேகம், பயன்படுத்திய மென்பொருள், சுருக்க முறை ஆகியவற்றைப் படக்குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.